கோதண்டன் எடுத்த புதையல்

பால் சொசைட்டியின் சிமெண்ட் மேடைமேல் எங்கள் பையைக் கவிழ்த்தார்கள். முதலில் எலுமிச்சம்பழங்கள் உருண்டு வந்தன. பின்னாலேயே ஒரு தேங்காய். அப்புறம் சிவப்பு நூல்கண்டு, கைக்கரண்டி போல ஒரு சின்னக் கொத்து, அளக்கிற டேப், தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச்சுகள். கடைசியாக, பொட்டலம் பொட்டலமாக மடித்து வைத்த கறுப்புப் பொடி.

கூடியிருந்த சனம் மேடையைப் பார்த்தது. பிறகு எங்கள் மூவரையும் பார்த்தது. மறுபடி மேடையைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து, எங்களோடு வந்த தாமு கையில் வைத்திருந்த துணிப்பை கூவியது.

அதற்குள் ஒரு சேவல் இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் நியாயமான விளக்கம் இருந்தது. எலுமிச்சை, வெயிலில் ஜூஸ் போட. தேங்காய், தாமு வீட்டுச் சட்னிக்கு. சிவப்பு நூல், குகைக்குள் வந்த வழி மறக்காமல் இருக்க. கொத்தும் பொட்டலமும், வவ்வால் எச்சத்தை எடுத்து வைக்க. சேவலை, வரும் வழியில் சந்தையில் நல்ல சேவலாகத் தெரிந்தது என்று தாமு வாங்கிவிட்டான். சாயங்காலம் குழம்பு வைக்க.

தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றம் இல்லை. ஆனால் எலுமிச்சை, தேங்காய், சிவப்பு நூல், கொத்து, உயிரோடு ஒரு சேவல் எல்லாவற்றையும் ஒரே மேடையில் வைத்துப் பார்த்தபோது, எனக்கே எங்கள்மேல் சந்தேகம் வந்தது. புதையலுக்குப் பூஜை போட வந்த கூட்டம் என்று யாராவது சொன்னால், நானே முதல் ஆளாகப் போலீசுக்குப் போன் செய்திருப்பேன்.

இந்தச் சித்தூர்ப் பக்கத்தில் இது விளையாட்டு விஷயம் இல்லை. ஒரு மலை இருந்தால், அதில் ஓர் இடிந்த மண்டபம் இருந்தால், அதற்கடியில் எந்த ராஜாவோ எதையோ புதைத்துவிட்டுப் போனதாக ஒரு பேச்சும் இருக்கும். பேச்சை நம்பிச் சாமி சிலைக்குப் பின்னால் பள்ளம் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் மலையடிவாரத்து ஊர்களில் புது ஆள் டார்ச்சோடு நடமாடினால் விடமாட்டார்கள். நாங்கள் நடமாடினோம். விடவில்லை.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். நகரிக்கும் புத்தூருக்கும் இடையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சொல்லமாட்டேன் என்பது போகப் போகத் தெரியும்.

மேடம் எந்த ஆபீசு

விசாரணையைத் தொடங்கியவர் கோதண்டன். மலைக்குக் கீழே மாந்தோப்பு வைத்திருப்பவர். எப்போதோ வார்டு மெம்பராக இருந்தாராம். பதவி போன பிறகும் சட்டைப் பையில் பேனா குத்தும் வழக்கத்தை விடவில்லை.

"மேடம் எந்த ஆபீசு?" என்று என்னிடம் கேட்டார்.

"ஸ்ரீ சிட்டியில வேலை பண்றேன்."

"இன்னா வேலை?"

"குழந்தைங்களுக்குப் போடற டயாப்பர் செய்யற கம்பெனி. சரியா உறிஞ்சுதான்னு தண்ணி ஊத்திப் பார்ப்பேன்."

கோதண்டன் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் குகைக்கும் இன்னா சம்மந்தம்?"

நியாயமான கேள்வி. நானே பல ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்னைக் கேட்டுக்கொண்டதுதான்.

நடக்கக் கூப்பிட்டார்கள் என்று நினைத்தேன்

சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் பொன்னேரிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து சத்தியவேட்டில் வாடகைக்கு இருப்பவள். அங்கே எனக்கு நடக்கத் துணை கிடையாது. அந்த வாரமே கேன்டீனில் ஒரு பெண் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினாள். ஞாயிறு காலை மலையடிவாரத்தில் நடை, இயற்கை ஆர்வலர்கள் வரலாம் என்று இருந்தது. இயற்கையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை என்றாலும் விரோதமும் இல்லை. வெள்ளை கேன்வாஸ் ஷூ, குடை, ஒரு டப்பாவில் நறுக்கிய வெள்ளரிக்காய் சகிதம் போய் நின்றேன்.

நன்றாகத்தான் நடந்தோம். ஒரு பாறைக்கு முன்னால் வந்ததும் எல்லோரும் முட்டிக்காப்பு கட்டிக்கொண்டார்கள். கூட்டத்தை நடத்திவந்த ரமணா சார் என் காதருகில் வந்து, "இனிமே தவழணும் அம்மா" என்றார்.

ரமணா சார் திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருபவர். தாய்மொழி தெலுங்கு. தமிழைத் தெலுங்குக்குப் பக்கத்து வீடு மாதிரி உரிமையோடு பேசுவார். குகைக்குள் சத்தம் போட்டால் வவ்வால் மிரளும் என்பதால் கிசுகிசுவென்று பேசிப் பழகியவர். பழக்கம் முற்றிப்போய் வெளியிலும் அப்படித்தான். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதும் கிசுகிசுதான். ஒருமுறை ரேணிகுண்டாவுக்குக் கேட்டவருக்குக் கண்டக்டர் காளாஸ்திரிக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டார். சண்டை போட்டாரா என்றால், போட்டாராம். கண்டக்டருக்கு அது சண்டை என்றே தெரியவில்லை.

முதல் நாள் உள்ளே போனபோது மூக்கில் ஏறிய நெடியை எப்படிச் சொல்வது? மூடியே வைத்திருந்த பாத்ரூமில் யாரோ பழைய வெங்காய மூட்டையைப் போட்டது மாதிரி. கண்ணில் நீர் வந்தது. தலைக்குமேல் பாறை முழுவதும் கொசகொசவென்று அசைந்தது. சுருக்கம் விழுந்த மூக்கும் பெரிய காதுமாகச் சின்னச் சின்ன வவ்வால்கள். எனக்குக் கரப்பான்பூச்சி என்றாலே ஆகாது. ஆனால் அவை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. யார் வீட்டுக்கு யார் வந்தது என்ற கேள்வி இருந்தது. நான் குடையை மடக்கிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் சார் என் வேலையைப் பற்றி விசாரித்தார். டயாப்பர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ கழிவு விஷயத்துல அனுபவம் இருக்கு."

"இல்ல சார். நாங்க நீலக் கலர் தண்ணி ஊத்தித்தான் பார்ப்போம்."

"பரவாலேது அம்மா" என்றார்.

அன்றிலிருந்து எச்சம் சேகரிப்பது என் பொறுப்பு. சிரிக்காதீர்கள். அதை லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் வவ்வால் ராத்திரி என்ன சாப்பிட்டது என்று தெரியும். விட்டில் இறக்கை, வண்டுக்கால், கொசுவின் துண்டு. பளபளவென்று மின்னும். இவை பழம் தின்கிற ஜாதி இல்லை, பூச்சி தின்கிற ஜாதி என்று நான் கண்ணால் தெரிந்துகொண்டது அப்படித்தான். நகரியில் தறி ஓட்டும் தாமுவுக்கு என் வேலை மேல் பொறாமை உண்டு. அவன் வேலை நூல் பிடிப்பது.

"ஊட்லயும் நூலு, இங்கயும் நூலு" என்பான்.

சாருக்கு ஒரு கொள்கை இருந்தது. குகை எங்கே இருக்கிறது என்று யாரிடமும் சொல்லக்கூடாது. போட்டோ போடக்கூடாது. இடம் தெரிந்தால் பிரியாணிப் பொட்டலத்தோடு ஆள் வரும், பாறையில் பெயர் எழுதும், பட்டாசு வைத்து வவ்வாலை எழுப்பி வீடியோ எடுக்கும். அவர் பார்த்திருக்கிறார்.

கொள்கை சரிதான். ஆனால் எந்நேரமும் கிசுகிசுக்கிற ஒரு மனிதர், இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கூட வந்தவர்களிடம் சொல்வதை ஊர்க்காரர் ஒருவர் வேலி ஓரம் நின்று கேட்டால் என்ன நினைப்பார்? கோதண்டன் கேட்டிருந்தார்.

அதுக்கும் அடியில

சொசைட்டியில் சார் பதில் சொல்லத் தொடங்கினார். எல்லோரும் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்கள்.

"உள்ள இன்னா கீது சார்?" என்றார் கோதண்டன்.

"வவ்வால்."

"அது எங்களுக்கும் தெரியும். அதுக்கு அடியில?"

"வவ்வால் எச்சம்."

"அதுக்கும் அடியில?"

"பாறை."

"அதுக்கும் அடியில?"

நான் சாரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். பாறைக்குக் கீழே பாறைதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அவர் படித்தவர். உறுதியாகத் தெரியாததைச் சொல்லமாட்டார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"தெரியாது" என்றார்.

சனத்திடம் ஒரு பெருமூச்சு எழுந்தது. எங்கள் கதை அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

"காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணுவியா சார், பொதையலுக்கு வர்லன்னு?" என்று ஒருவர் கேட்டார். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன் பொய்ச்சத்தியம் செய்ய இந்த ஜில்லாவில் யாருக்கும் துணிச்சல் வராது. சார் உடனே எழுந்து, "இப்பவே போலாம் பதண்டி" என்று பையை எடுத்தார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆள், சத்தியத்தில் ஏதோ சந்து வைத்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். யாரும் கூட வரவில்லை.

கடைசியில், இனிமேல் வந்தால் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். இந்தக் களேபரத்தில் சேவல் பையிலிருந்து நழுவிவிட்டது. தாமு துரத்தினான். பலிக்கு வந்த சேவல் என்று ஊரில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

"கொழம்புக்கு வாங்கன சேவலுங்க, சும்மா புடிங்க" என்று தாமு கெஞ்சினான். எல்லோரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

பங்கு

நாங்கள் வண்டியை எடுக்கும் இடத்துக்குக் கோதண்டன் தனியாக வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். இப்போது அவரும் கிசுகிசுத்தார்.

"ஊருக்கு எதுர்ல சொல்லமாட்டீங்க. அது நாயம்தான். நம்ம தோட்டத்து வழியாதான் போய்க்கினு வந்துக்கினு கீறீங்க. எனக்கு இன்னா பங்கு?"

சார் நெகிழ்ந்துபோனார். குகையின்மேல் ஊர்க்காரர்கள் உரிமை கேட்கவேண்டும் என்பது அவர் நெடுநாள் ஆசை.

"பங்கு உண்டு அண்ணா. நிச்சயமா உண்டு. இது எல்லாருடைய சொத்து. வரப்போற தலைமுறைக்கும் பங்கு உண்டு."

"அத்தினி பேருக்கா?" என்றார் கோதண்டன். அவர் முகம் விழுந்துவிட்டது.

திரும்பி வரும்போது சார் மிகவும் சந்தோஷமாக இருந்தார். நல்ல மனிதர், புரிந்துகொண்டார் என்றார். தாமுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வாசலில் ஒரு பள்ளம்

மாங்காய் பழுக்கிற காலம் வந்தது. வவ்வால்கள் குட்டி போட்டிருக்கும் காலமும் அதுதான். அந்த நாட்களில் நாங்கள் உள்ளே போவதில்லை. வாசலருகே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

அந்த ஞாயிறு வாசலை நெருங்கும்போதே கற்பூர வாசனை வந்தது. முன்னறைத் தரையில் இடுப்பளவு பள்ளம். பக்கத்துப் பாறையில் கடப்பாரை பட்ட வெள்ளைக் கீறல்கள். கூரை காலியாக இருந்தது. எப்போதும் அங்கே அசைந்துகொண்டிருக்கும் கூட்டம் உள்ளறைக்கு ஓடியிருந்தது.

தரையில் குட்டிகள் கிடந்தன. மயிர் முளைக்காத, விரல் நீளக் குட்டிகள். தாய் வயிற்றைக் கவ்விக்கொண்டு தொங்குகிறவை. தாய் மிரண்டு பறக்கும்போது பிடி நழுவி விழுந்துவிடும். விழுந்தவையெல்லாம் செத்திருந்தன. தாமு ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு மூலையில் வைத்தான். அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மொத்தமா காலி பண்ணிட்டுப் போயிடும்" என்றார் சார். "திரும்பி வராது."

கீழே இறங்கும்போது எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். நாம் மூடி மறைப்பதால்தான் சார் தோண்டுகிறார்கள், எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்றேன். காட்டினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தாலும் இதே கதிதான் என்றார்.

தாமுதான் வழி சொன்னான். "ஒரு போர்டு வெச்சிடலாம் சார். இங்கு புதையல் இல்லைன்னு."

சார் அதை நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தார். தமிழிலுமா, தெலுங்கில் மட்டுமா என்று கேட்டார். அப்படி ஒரு போர்டு வைத்தால் வேலூரிலிருந்து கூட ஆள் வரும் என்று நான் சொல்லித் தடுத்தேன். அடுத்த ஞாயிறு வீடு வீடாகப் போய், லென்சில் பூச்சி இறக்கையைக் காட்டிப் பேசிப் பார்ப்பது என்று முடிவானது. வவ்வால் எச்சத்தோடு வீட்டுக்குள் வருகிறவர்களை யார் உட்காரச் சொல்வார்கள் என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

தேசம்மாவின் போன்

அந்த அடுத்த ஞாயிறு, ஊருக்குள் நுழையும் முன்பே ஒரு பெண்மணி எங்களை நோக்கி வேகமாக வந்தார். சுடுகிற தோசைக் கரண்டியைப் பிடிப்பது போலப் போனை எட்டப் பிடித்திருந்தார். கோதண்டனின் மனைவி தேசம்மா.

"எங்க ஊட்டாளு உங்க பொந்துல பூந்துக்கினு வெளிய வரத் தெரியாம கெடக்கறாரு" என்று போனை என்னிடம் நீட்டினார். "மோட்டாருக்கு காயில் கட்ட நகரிக்குப் போறேன்னு சொன்ன மனுசன். பேசுங்க, ஸ்பீக்கர்லதான் கீது."

"அண்ணா, எங்க இருக்கீங்க?" என்றேன்.

"உள்ள" என்று கிசுகிசுத்தது போன்.

"உள்ளன்னா எந்த இடம்?"

"இருட்டா கீற இடம்."

சார் குனிந்து, மேலே ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார். பாறையில் ஒரு வெடிப்பு வழியாக நூல் மாதிரி வெளிச்சம் வருவதாகக் கோதண்டன் சொன்னார். ஒரு கல்மேல் ஏறி அந்த வெடிப்புக்கு நேராகக் கையைத் தூக்கினால்தான் சிக்னல் வருகிறதாம். அதனால் கையைத் தூக்கியே நிற்கிறாராம்.

"கைய எறக்கனா லைன் பூடுது சார். தோளு வலி எடுக்குது."

மெல்ல மெல்லக் கதை வந்தது. மை போட்டுப் பார்க்கிற ஒருவரைக் கோதண்டன் பிடித்து வந்திருக்கிறார். வெற்றிலையில் தடவிய மையைப் பார்த்து, புதையல் போன வாரம் பள்ளம் தோண்டிய முன்னறையில் இல்லை, உள்ளறைக்கு நகர்ந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் இருவரும் உள்ளே போயிருக்கிறார்கள். மைக்காரர் உரத்த குரலில் மந்திரம் சொல்ல ஆரம்பித்ததும் உள்ளறை வவ்வால்கள் மொத்தமாகக் கிளம்பியிருக்கின்றன. ஒன்று மைக்காரரின் தாடியை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதற்குமேல் அவர் மந்திரம் சொல்லவில்லை. ஓடிவிட்டார்.

"டார்ச்சு அவரு கைல இருந்துச்சு" என்றார் கோதண்டன். "அதையும் எடுத்துக்கினு பூட்டாரு."

"உன் வண்டியையும்தான் எடுத்துக்கினு பூட்டான்" என்றார் தேசம்மா. "தாறுமாறா போனப்பவே நெனச்சேன், நம்ம வண்டி மாரி கீதேன்னு."

டார்ச்சைவிட வண்டி போனதுதான் அவரை உடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தன்னந்தனியா கீறேன் தேசம்மா. பயமா கீது. வந்து கூட்டிக்கினு போகச் சொல்லு."

லைன் போய்விட்டது. கை இறங்கியிருக்கும்.

உள்ளறை

நிறையப் பேர் போகக்கூடாது என்று சார் சொன்னார். நானும் அவரும் மட்டும் முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, டார்ச்சை வவ்வாலை மிரட்டாத சிவப்பு விளக்குக்கு மாற்றிக்கொண்டு தவழ்ந்தோம். வாசலில் தாமு நூலை விட்டுக்கொண்டிருந்தான். உள்ளறைக்குப் போகும் சரிவு முழுவதும் எச்சம். பலகாலமாகச் சேர்ந்து மெத்தை மாதிரி ஆகியிருந்தது. அதில் யாரோ மேலிருந்து கீழ்வரை சறுக்கிப்போன தடம் தெளிவாகத் தெரிந்தது. உட்கார்ந்த நிலையில் சறுக்கியிருந்தார்.

கோதண்டன் கல்மேல் நின்றிருந்தார். கழுத்துவரை ஒரே கறுப்பு. வலது கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது. இடது கையைச் சட்டைப் பைக்கு முன்னால், தொடாமல், குடை மாதிரி பிடித்திருந்தார்.

"அண்ணா, வந்துட்டோம்" என்றார் சார்.

"சார், சத்தம் போடாதீங்க" என்றார் கோதண்டன். "மேல கொழந்தைங்க கீது."

சார் அப்படியே நின்றுவிட்டார். வாழ்நாளில் அவரிடம் குரலைக் குறைக்கச் சொன்ன முதல் மனிதர் கோதண்டன்தான்.

மேலே பார்த்தேன். கூட்டம் திரும்பி வந்து கூரையில் அப்பியிருந்தது. ஒவ்வொரு தாயின் வயிற்றிலும் ஒரு சின்னத் தலை. கோதண்டன் தன் சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி, துணியைக் கவ்விக்கொண்டு தொங்கியது. உயிரோடு இருந்தது.

"அந்தாளு கத்தனப்ப மேலேர்ந்து வுழுந்துச்சி. அப்பலேர்ந்து புட்ச்சிக்கினு கீது. தட்டிவுட மனசு வர்ல. நான் இன்னா சார் பண்ணட்டும்?"

சார் கையுறை போட்ட விரலால் குட்டியை மெதுவாக விடுவித்தார். கூட்டத்துக்குக் கீழே, எட்டிய உயரத்தில், சொரசொரப்பான பாறையில் அதன் கால் நகங்களைப் பதித்துவிட்டார். விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் மூன்று பேரும் அந்த நெடியில் கண்ணீர் வடித்துக்கொண்டு அசையாமல் நின்றோம். தலைக்குமேல் மெல்லிய இறக்கைச் சத்தம் ஒன்று வந்தது, நின்றது, போனது.

விளக்கைப் போட்டபோது பாறையில் குட்டி இல்லை. கீழேயும் இல்லை.

"எட்த்துக்கினு பூட்டாளா?" என்றார் கோதண்டன்.

"எடுத்துக்கிட்டா" என்றார் சார்.

"அப்பா" என்று கோதண்டன் வலது கையைத் தொங்கவிட்டார். அதுவரை அது தூக்கியே இருந்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

எச்சமும் ஏலமும்

நாங்கள் வெளியே வருவதற்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. மாந்தோப்பில் கல்யாணக் கூட்டம். கோதண்டன் சரிவில் இறங்கி வந்ததும் முன்வரிசை பின்வரிசையாகிவிட்டது. அவ்வளவு நெடி.

"அங்கயே நில்லு" என்றார் தேசம்மா. "ஊட்டுப் பக்கம் வந்தியானா பாரு."

மாமரத்தடியில் நிற்க வைத்து, போர்வெல் பைப்பைத் திருப்பிவிட்டார். தண்ணீர் பட்ட இடமெல்லாம் கறுப்புச் சேறாக வழிந்து மரத்தின் பாத்தியில் இறங்கியது. அந்த மரத்துக்கு அன்று நல்ல யோகம்.

"இன்னா எட்த்தே கோதண்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

கோதண்டன் ஏதோ சொன்னார். குகைப் பழக்கம் இன்னும் போகவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

"இன்னா?"

"பீ" என்றார் சத்தமாக. "வவ்வா பீ. அதுக்கும் அடியில கைய வுட்டுப் பாத்தேன். அங்கயும் அதான். அதுக்கும் அடியில பாறை. போதுமா?"

சொல்ல வந்ததை எல்லாம் எங்களால் அத்தனை மாதம் சொல்ல முடியவில்லை. அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஊர் சிரித்தது. தோப்பில் தொடங்கிய சிரிப்பு சொசைட்டிக்குப் போய், பஸ் ஸ்டாப்புக்குப் போய், பக்கத்து ஊருக்கும் போனது. அவர் சட்டையை வேடிக்கைக்கு ஏலம் கூடப் போட்டார்கள். யாரும் விலை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஊரில் பெயர் 'பொதையலு'. புதையல் தேடப் போனால் தன் பெயருக்கும் இந்தக் கதி வரும் என்று தெரிந்த பிறகு, கடப்பாரையோடு மலைக்குப் போக ஒருவருக்கும் ஆசை வரவில்லை.

வண்டி இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. புத்தூரில், எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுகிற ஓர் இடத்தின் வாசலில் நின்றிருந்தது. மைக்காரருக்கு மணிக்கட்டு பிசகிவிட்டதாம். வழியில் ஒரு திருப்பம் இருப்பது மையில் தெரியவில்லை போலிருக்கிறது.

மழைக்குப் பிறகு

சிரிப்பெல்லாம் ஊருக்கு. சார் முகம் தெளியவில்லை. ஒரே பருவத்தில் இரண்டு முறை கலைத்தாகிவிட்டது. உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. முதல் மழை வரை யாரும் மலைப்பக்கம் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோதண்டன் தோப்பு வழியை முள் வெட்டிப் போட்டு அடைத்தார். வெளியூர்க் காரொன்று வந்து விசாரித்தபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று தானே முழுக் கதையும் சொல்லித் திருப்பி அனுப்பினாராம்.

இரண்டு மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், தோப்பு வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தோம். வெளியே வருகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. கோதண்டனும் தேசம்மாவும் வந்தார்கள். தாமு வேர்க்கடலை கொண்டுவந்திருந்தான்.

சூரியன் இறங்கியது. தவளைகள் கத்தின. குகை வாசல் வாசலாகவே இருந்தது. சார் ஒரு கடலையை உரித்துக் கையிலேயே வைத்திருந்தார். தாமு தின்பதை நிறுத்தினான். கோதண்டன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"எங்கனா பூடுச்சா சார்?" என்றார் கோதண்டன்.

சார் கடலையைத் திரும்பத் தோலுக்குள் வைத்தார்.

அப்போது வாசலில் ஏதோ ஒன்று அசைந்தது. வெளியே வந்து, ஒரு வட்டம் போட்டு, உள்ளே போய்விட்டது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியாமல் வந்துகொண்டே இருந்தன. மாமர உச்சிகளை உரசிக்கொண்டு, எங்கள் தலைக்குமேல் காற்றடிக்க, திரும்பித் திரும்பிப் பூச்சி பிடித்துக்கொண்டு போயின. இடையிடையே சில சின்னவை. நேராகப் பறக்கத் தெரியாமல், கிளையில் மோதப் போய்த் தப்பித்து, சைக்கிள் பழகுகிறவர்கள் மாதிரி வளைந்து நெளிந்தன.

"அதோ, அது நம்முளுது" என்றார் கோதண்டன். "பாக்கெட்ல இருந்தது." அடுத்து வந்ததையும் அப்படியே சொன்னார். அதற்கடுத்ததையும். சார் திருத்தவில்லை. அவர் கன்னம் நனைந்திருந்தது. நெடியினால் என்று சொல்லமுடியாது, வரப்பில் மண்வாசனைதான் இருந்தது.

எங்களுக்குக் கழுத்து வலித்தது. அவை வருவது நிற்கவில்லை.

தேசம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"இத்தினி பேரு கூட இருந்தாங்க. இன்னாத்துக்குயா தன்னந்தனியா கீறேன்னு போன்ல அழுதே?"